ஆறாவது கொக்கி

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் பழைய ஊழியர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதற்கு "நிலத்தடி அனுபவம்" ஒன்று எழுதித் தரும்படி கேட்டு, சர்வே ஆபீஸில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். எழுபத்து மூன்றிலிருந்து அந்த ஆபீஸில் வரைபடம் வரைந்தவள் நான். சாம்பியன் ரீப்ஸில் எந்த லெவலில் எந்தப் பாதை எங்கே திரும்புகிறது என்று கேட்டால் காகிதத்தைப் பார்க்காமல் சொல்லுவேன். ஆனால் ஒரு நாள்கூடக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியதில்லை. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். இதை அந்த இருவருக்கும் நினைவுபடுத்தினேன்.

"அப்போ மேல நடந்தத எழுதுங்கக்கா" என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் இதுவும் நான் போகாத ஓர் இடத்தைப் பற்றியதுதான். தென்னமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் கயானா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் உட்பகுதி பெரும்பாலும் தாழ்நிலக் காடு. சாலை கிடையாது, ஆறுகள்தான் பாதை. தொண்ணூற்றாறில் எங்கள் சுரங்கத்திலிருந்து அந்தக் காட்டுக்கு ஆறு பேர் போனார்கள். அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் நான். போனவன் பெஞ்சமின்.

முதலில் இந்தப் பெஞ்சமினைப் பற்றி, எங்களுக்குப் பென்னி, சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு எரிந்தேன் என்று விளங்காது. சாம்பியன் ரீப்ஸில் ஒரே லைனில் எட்டு வீடு தள்ளி அவன் வீடு. ஒரே மாதா கோயிலில் புதுநன்மை வாங்கினோம். அவன் சர்வேயர். தினமும் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கீழே போவான். வேர்வையில் ஊறிய சட்டையோடு மேலே வந்து, என் மேஜைக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எடுத்த அளவுகளைப் படிப்பான். நான் டிரேசிங் துணியை இழுத்துப் பின் குத்தி, சாக்பொடி தேய்த்து, இந்தியன் இங்க்கில் கோடு போடுவேன். அவன் பார்ப்பான், நான் வரைவேன். வருஷக்கணக்கில் இப்படித்தான். பார்த்ததை ஒழுங்காகச் சொல்லவும் தெரியாது அவனுக்கு. "அங்க ஒரு வளைவு கீது ஸ்டெல்லா, நம்ம மார்க்கெட் சந்து மாதிரி" என்பான். எத்தனை டிகிரி என்று கேட்டால் சட்டைப்பையைத் தடவுவான். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர அவன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மேலதிகாரி கேசவய்யா. துமகூர்க்காரர், ஆய்வுப் பிரிவின் தலைவர். படத்தைத் தொடும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்வார். உட்கார்ந்து படம் பார்க்க மாட்டார். மேஜை ஓரத்தில் நின்று, முதலில் ஒரு தடவை முழுக்கப் பார்ப்பார். பிறகு வலது உள்ளங்கையை விரித்துப் படத்தின் மேல் ஓரிடத்தில் வைப்பார். "ஸ்டெல்லாம்மா, என் கைக்குக் கீழ என்ன இருக்கு?" என்பார். வரைந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் திட்ட மாட்டார். கையை எடுத்துவிட்டு, படத்தைச் சுருட்டித் திருப்பித் தந்துவிடுவார். சரியாகச் சொன்னால் "ஆய்த்து" என்ற ஒரு கன்னடச் சொல். முடிந்தது, சரி என்று பொருள். பயிற்சிக் காலம் என்று எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை, அந்த உள்ளங்கைதான். சேர்ந்த வருஷம் மூன்று படங்கள் சுருட்டித் திரும்பின. அதற்குப் பிறகு ஒன்றும் திரும்பவில்லை.

தொண்ணூற்றாறு ஜூனில் கேசவய்யா என்னைக் கூப்பிட்டார். கயானாவில் ஒரு கம்பெனி காட்டுக்குள் பாறையைத் துளைத்து மாதிரி எடுக்க ஆள் கேட்டிருக்கிறது. நம் சுரங்கத்தில் தங்கம் குறைந்துவிட்டது, ஆட்களுக்கு வேலை இல்லை, மேலிடம் சம்மதித்துவிட்டது. மழை விட்டதும் ஒரு குழு போக வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் மறு வருஷம் இரண்டாவது குழு. எப்படிப் போவது, எப்போது போவது, எதைக் கொண்டுபோவது எல்லாவற்றையும் நான் எழுதித் தர வேண்டும்.

அந்த மூன்று மாதங்களைப் போல என் வாழ்க்கையில் வேறு மாதங்கள் இல்லை. சனிக்கிழமைகளில் ரயிலேறிப் பெங்களூர் நூலகத்துக்குப் போவேன். கயானா பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய மழை, வருஷக் கடைசியில் சின்ன மழை. ஆகவே செப்டம்பரில் புறப்பட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி மெட்ராஸில் போட வேண்டும், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். பம்பாயிலிருந்து லண்டன், அங்கிருந்து தீவுகள் வழியாக ஜார்ஜ் டவுன். அந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. கடற்கரையிலிருந்து படகு. ஆற்றில் அருவி வருகிற இடங்களில் படகைவிட்டு இறங்கி, சாமான்களைக் கரை வழியாகச் சுமந்துபோய், மேலே மறுபடி படகு.

இதைத் துளைபோடுகிற ஆட்களுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். நிலப்படம் அவர்களுக்குப் பழக்கமில்லை. சுரங்கத்துக்குள் நேர்கீழாக இறங்கும் ஷாஃப்டின் நெடுக்குவெட்டுப் படத்தை மட்டும் ஒரு பார்வையில் படித்துவிடுவார்கள். ஆகவே அந்த ஆற்றை ஒரு ஷாஃப்டாக வரைந்தேன். ஜார்ஜ் டவுன்தான் ஷாஃப்ட் வாய். முதல் அருவி ஒன்றாவது லெவல், இரண்டாவது அருவி இரண்டாவது லெவல், முகாம் ஐந்தாவது லெவல். ஆறு மேலிருந்து வருகிறது, இவர்கள் எதிர்த்துப் போகிறார்கள், படத்திலோ கீழே இறங்குகிறார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. "ஓ, அஞ்சாவது லெவல்ல கேம்ப்பா? அப்டி சொல்லும்மா, புரியுது" என்று தலைமை டிரில்லர் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேசவய்யாவும் பயணத்தைச் சுரங்க முறைப்படியே நடத்தினார். எங்கள் ஊரில் கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் அதைப் பலகையில் அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதுவரை மேலே இருப்பவர் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் பிரிவில் கேசவய்யா அதை இன்னும் இறுக்கி வைத்திருந்தார்: முதல் குழுவின் பலகை நிறையாமல் அடுத்த குழு இறங்காது. கயானாவுக்கென்று தேக்கில் ஒரு சின்னப் பலகை செய்யச் சொன்னார். ஆறு கொக்கி, ஆறு டோக்கன். என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள்.

ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள், எல்லோரும் துளைபோடுகிறவர்கள். ஆறாவது ஆள், படத்தைப் பார்த்து எங்கே துளை போடுவது என்று அளந்து குறிக்க வேண்டியவர். அந்த இடத்தை நான் கேட்டேன். கேட்பதற்கு முன்பே பெங்களூர் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன்.

"அது நிலத்துக்கு மேலதான் சார்" என்றேன். "சட்டம் தடுக்காது."

கேசவய்யா "பெஞ்சமினும் கேட்கிறான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாட்டின் பெயர் பென்னிக்கு அதற்கு முந்தைய வாரம் வரை தெரியாது. கயானா எங்கே என்று நான் கேட்டபோது "ஆப்பிரிக்காவாண்ட" என்றவன்.

மறுநாள் இருவரையும் அழைத்தார். மேஜையில் அந்த ஆற்றுப்பகுதியின் படம் விரிந்திருந்தது. கை கழுவி, துடைத்து, படத்தை ஒரு தடவை பார்த்து, நான்காவது அருவிக்கும் முகாமுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தார். அந்த இடத்தில் படத்தில் பெரும்பாலும் வெள்ளைதான். ஆற்றுக்கு ஒரு புள்ளிக்கோடு மட்டும் உண்டு.

"ஸ்டெல்லாம்மா?"

நான் சொன்னேன். ஆறு கிழக்கே ஒரு வளைவு வளைகிறது. இடது கரையில் ஓர் ஓடை வந்து சேர்கிறது. ஓடைக்கு மேலே பழைய காலத்தில் யாரோ தங்கம் தோண்டிவிட்டுப் போன குழிகள் இருக்கின்றன. மழையில் வலது கரை முழுக்க முழுகிவிடும். அங்கே இரும்பைப் போல ஒரு மரம், தண்ணீரில் மிதக்காது. ஒன்றும் விடவில்லை.

"ஆய்த்து" என்றார். கையை எடுக்கவில்லை. "பெஞ்சமின்?"

பென்னி தலையைச் சொறிந்தான். "தெரியாது சார். போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கேசவய்யா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். கையை எடுத்து, "பெஞ்சமின் போகட்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு ஸ்டெல்லாம்மா. எல்லாம் தெரிஞ்சவங்க மேல இருக்கணும். கீழ இருக்கிறவன் வழி தப்பினா யாரைக் கேட்பான்? அடுத்த வருஷம் ரெண்டாவது குழுவோட நீங்க போங்க. இது என் வாக்கு" என்றார்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. தெரியாது என்று சொன்னவனுக்குக் காடு, தெரிந்தவளுக்கு ஸ்டூல். பென்னிக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவன் கையெழுத்தை மட்டும் போட்டான். "உடம்பில் அடையாளம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "அழகுன்னு எழுது" என்றான்.

செப்டம்பரில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் வழியனுப்பினோம். வியாழக்கிழமை. பென்னி இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்று சாதிப்பான். அவன் சொல்வது தவறு. வண்டி புறப்படும்போது ஜன்னலில் ஆறாம் எண் டோக்கனைக் காட்டி ஆட்டினான். ஐந்து பேர் வீட்டிலும் அழுதார்கள். பென்னியின் அம்மா மட்டும் அழவில்லை. "அங்க போயாவது எவளயாச்சும் கட்டுவானா பாக்கலாம்" என்று என் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை போன். முகாமுக்கு உணவு கொண்டுவருகிற படகில் யாராவது ஜார்ஜ் டவுன் வந்து ஆபீஸுக்குப் பேச வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வாரமும் பென்னியே வந்தான்.

"ஸ்டெல்லா, உன் பொட்டியெல்லாம் மொத அருவிலயே உக்காந்துகிச்சு!"

"ஏன்?"

"கேஜ் சைஸுக்குக் கட்டிக்கீறாங்கம்மா. ஒண்ணு தூக்க எட்டு ஆளு. பாதையோ ஒத்த ஆளு போற பாதை. எல்லாத்தையும் பிரிச்சு, தலைலயும் தோள்லயும்… மழை வேற."

எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தைப் பெட்டி கட்டினாலும் கேஜின் அகலத்துக்குக் கட்டுவார்கள். தச்சர்களிடம் அளவுக்குச்சியே அப்படி இருக்கும். சாமான்களைச் சுமந்துபோக வேண்டும் என்று படத்தில் என் கையால் எழுதியிருந்தேன். கேசவய்யா பார்த்தார், ஸ்டோர்ஸில் பார்த்தார்கள், டிரில்லர்களும் பார்த்தார்கள். ஷாஃப்ட் மாதிரி வரைந்திருந்ததால் கேஜ் இருக்கும் என்று எல்லோர் மனசிலும் பதிந்துவிட்டது போலிருக்கிறது. அவர்கள் மழையில் பெட்டி உடைத்ததை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த மழைமேல்தான் நினைப்பு. அது எப்படி விழும் என்று கேட்கத் தோன்றியது. அவனிடம் கேட்க மனமில்லாமல் விட்டேன்.

அவனாகவே சொல்லுவான். "இன்னா பண்ணிக்கினு இருக்கே?" என்பான்.

"வரைஞ்சிட்டிருக்கேன்."

"நான் கேம்ப்பாண்ட ஆத்துல குளிச்சுட்டு படகேறி வந்தேன். தண்ணி டீ கலரு. ஆனா அள்ளிப் பாத்தா கண்ணாடி."

தெரியும், இலைச்சாறு இறங்கி அப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன் என்பேன்.

"அதான் படிச்சுட்டியே" என்று சிரிப்பான். "இன்னொண்ணு சொல்றேன், அது புஸ்தகத்துல கீதா பாரு. விடியக்காலைல குரங்கு கத்துது. ஒரு குரங்கு. நம்ம பாறை அரைக்கிற மில்லு மொத்தமும் ஓடற மாதிரி சத்தம். மொத நாளு நாங்க ஆறு பேரும் பாறை வெடிச்சிருச்சுன்னு எழுந்து ஓடிட்டோம். நீ வரைஞ்சதுல எல்லாம் கரெக்டா கீது ஸ்டெல்லா. சத்தம்தான் இல்ல."

போனை வைத்த பிறகு வெகு நேரம் பேனாவை மையில் தோய்க்காமல் வைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஜார்ஜ் டவுனில் ரூபி என்ற அம்மா வீட்டில் தங்கினானாம். அவருடைய கொள்ளுப்பாட்டி வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். மாரியம்மனுக்குத் தப்படித்துப் பாடுவார்களாம். பாட்டு தமிழ், அர்த்தம் ஒருவருக்கும் தெரியாதாம். பென்னிக்குச் சில வார்த்தைகள் புரிந்துவிட, வீடு முழுக்க அவனைச் சுற்றிக்கொண்டதாம். அந்த மக்களைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி அவனிடம் கொடுத்து, படித்துவிட்டுப் போ என்று அனுப்பியவள் நான். அவன் அதைப் படிக்கவில்லை. நேராகப் போய்க் கூழ் குடித்துவிட்டான்.

என் ஆறுதல் ஒன்றுதான்: அடுத்த செப்டம்பர். மே மாதத்து மழைக்கு முன் அவர்கள் திரும்ப வேண்டும். தொண்ணூற்றேழு ஏப்ரலில் ஐந்து பேர் வந்தார்கள். கறுத்து, இளைத்து, கொசுக்கடித் தழும்புகளோடு. ஒவ்வொருவராக என் மேஜைப் பக்கம் வந்து டோக்கனை மாட்டினார்கள். கேசவய்யா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது கொக்கி காலி.

பென்னி போனில் வந்தான். குரலில் விளையாட்டு இல்லை.

"இங்க ஒரு டிரில்லிங் கம்பெனில வேலைக்குக் கூப்பிடுறாங்க. நம்மூர்ல இனிமே இன்னா கீது, சொல்லு? நான் இருந்துடறேன்."

"பென்னி, டோக்கன்."

"தபால்ல போட்டுடறேன்."

கேசவய்யாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "டோக்கனைத் தபால்ல அனுப்ப முடியாது. ஆள் மேல வந்து மாட்டணும். தபால்ல வந்த டோக்கன் எதுக்கு? செத்தவன் சட்டைப்பையிலயும் டோக்கன் இருக்கும்" என்றார். "பலகை நிறையட்டும்."

"சார், அவன் சாகல. சம்பளம் அதிகம்னு இருக்கான்."

"மேல வரல இல்ல?"

இது பிடிவாதமா, மேலிடம் இரண்டாவது குழுவுக்கு மனமில்லாமல் இருந்ததற்கு அவர் கண்டுபிடித்த மரியாதையான வழியா என்று எனக்கு இன்று வரை தெரியாது. செப்டம்பர் வந்தது, போயிற்று. மறு வருஷம் கேசவய்யா ஓய்வு பெற்றுத் துமகூருக்குப் போனார். போகும்போது பலகையைப் பார்த்து, "பார்த்துக்குங்க ஸ்டெல்லாம்மா" என்றார். முதல் தடவை என் இடத்தை எடுத்தான், இரண்டாம் தடவை என் பயணத்தையே எடுத்துவிட்டான் என்று பென்னிமேல் ஆத்திரம். அதைவிட, அவன் அங்கே இருக்கிறானே என்பது பெரிய ஆத்திரம். ஜார்ஜ் டவுனில் இப்போது மணி என்ன, மழை ஆரம்பித்திருக்குமா என்று யாரும் கேட்காமலே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவரிடம் நான் கேட்டவற்றை இந்த மலரில் எழுத முடியாது.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரி கடைசி நாள் சுரங்கம் மூடியது. ஆபீஸைக் காலி செய்யும்போது எல்லோரும் எதையாவது நினைவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தத் தேக்குப் பலகையை எடுத்து வந்து முன்னறைச் சுவரில் மாட்டினேன்.

ஜூனில் ஒரு காலை கதவு தட்டும் சத்தம். பென்னி. தலை நரைத்து, தோள் அகன்று, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டவன் போலக் காலை அகட்டி நடந்து வந்தான். அவன் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். கவனிக்க வேறு ஆள் கிடையாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டான்.

"காப்பி குடுப்பியா, கதவாண்டயே நிக்க வெக்கப் போறியா?"

உள்ளே வந்தவன் பலகையைப் பார்த்தான். சட்டைப்பையில் கைவிட்டு டோக்கனை எடுத்தான். ஆற்று ஈரத்தில் பித்தளை பச்சை பூத்திருந்தது. ஆறாவது கொக்கியில் மாட்டிவிட்டு, "ஆய்த்து" என்றான், கேசவய்யாவின் குரலில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறும் இருந்தன.

"பலகை நெறஞ்சிடுச்சு பென்னி" என்றேன்.

"அதனால?"

"ரெண்டாவது குழு இறங்கலாம்."

வேடிக்கை என்று நினைத்தான். நான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்ததும் அப்படி நினைக்கவில்லை. பணி ஓய்வில் கைக்கு வந்ததைக் கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் வீடு வாங்கச் சொல்லித் தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து இரண்டு மாதமாகப் பென்னி என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுக்கிறான். ரூபியம்மாவுக்குப் போன் செய்து அறை பேசிவிட்டான். எந்தப் படகுக்காரரை நம்பலாம், எவர் குடித்துவிட்டு ஓட்டுவார் என்று சொல்கிறான். பெட்டி ஒன்றே ஒன்று, என் தோள் தாங்குகிற அளவு. தினமும் புறப்படும்போது ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்து வாசலில் நிற்பான். "அஞ்சாவது லெவல்ல சாயங்காலம் கிளிங்க ஜோடி ஜோடியா ஆத்தத் தாண்டும். தவறாம பாரு" என்பான். அப்புறம், "நானும் வந்துருப்பேன். அம்மா இப்டி கீறாங்களே" என்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை படத்தை விரித்து வைத்திருந்தோம். அவன் திடீரென்று எழுந்து போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். நான்காவது அருவிக்கு மேலே உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"ஸ்டெல்லாம்மா. கைக்குக் கீழ இன்னா கீது?"

வளைவும் ஓடையும் பழைய குழிகளும் தண்ணீரில் மிதக்காத மரமும் வரிசையாக நாக்குக்கு வந்தன.

"தெரியாது" என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவன் கையை எடுக்கவில்லை. அந்த வெள்ளைக் காகிதத்தின்மேல் விரல்கள் அழுந்தியிருந்தன. அவனுக்கு அது காகிதம் இல்லை. எந்த விரலுக்கு அடியில் எந்தப் பாறை என்று தெரிந்தவன். முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருஷம் முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. அவனுக்காக வருத்தப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. கொஞ்சம் கழித்துப் பட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பலகையிலிருந்து ஆறாம் எண் டோக்கனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். வீட்டுச் சாவியை அவன் முன்னால் வைத்தேன்.

"வாரம் ஒரு தடவ போன் பண்ணுவேன். நான் வந்து மாட்டற வரைக்கும் நீ மேல இரு."

செப்டம்பரில் புறப்படுகிறேன். வியாழக்கிழமை.